ஓசெம்பிக் ஊசி பல்லி விஷமா? பாதி நிஜம், மீதி ரீல்!

[திரையில்: ஆரஞ்சும் கறுப்பும் பாசிமணி கோத்த மாதிரி தோல், தடிச்ச வால். பாலைவன மணல்ல மெதுவா ஊர்ந்து வர்ற ஒரு பல்லி.]

இந்தப் பல்லி வருஷத்துக்கு விரல் விட்டு எண்ணுற அளவு வேளைதான் சாப்பிடும். கிடைக்கிற அன்னைக்கு தன் எடையில மூணுல ஒரு பங்கு வரைக்கும் ஒரே மூச்சுல முழுங்கும். 60 கிலோ ஆளு ஒரே உட்கார்வுல 20 கிலோ பிரியாணி சாப்பிடுற கணக்கு. அப்புறம் மாசக்கணக்குல பட்டினி. கொழுப்பை எல்லாம் வால்ல சேத்து வச்சுக்கிட்டு வளைக்குள்ள போய்ப் படுத்துடும்.

இதோட விஷத்துல இருந்து ஒரு சர்க்கரை மருந்து வந்தது நிஜம். ஆனா உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல "உடம்பு இளைக்கிற ஓசெம்பிக் ஊசியைப் பல்லி எச்சில்ல செய்றாங்களாம், போடாதீங்க"ன்னு ஒரு பெரியப்பா அனுப்பியிருப்பாரே, அது நிஜம் இல்ல. இது ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்? வாங்க பார்ப்போம்.

[சேனல் இசை]

மக்களே வணக்கம். முதல்ல பேரு. ஹீலா மான்ஸ்டர். அமெரிக்காவுல அரிசோனா, பக்கத்துல மெக்சிகோவோட வடக்குப் பகுதி, இதுதான் இதோட சொந்த ஊர். கடிச்சா விடாது. நம்ம ஊர்ல உடும்புப் பிடின்னு சொல்றோமே, அந்தப் பிடி பிடிச்சு மென்னுக்கிட்டே இருக்கும். பாம்பு மாதிரி விஷத்தைப் பீய்ச்சி ஏத்துற வசதி இதுக்குக் கிடையாது. விஷம் கீழ்த்தாடையில இருந்து எச்சிலோட எச்சிலா ஊறி வரணும், அதான் அந்த மெல்லல். நம்ம பஞ்சாங்கத்துல பல்லி தலையில விழுந்தா என்ன பலன், தோள்ல விழுந்தா என்ன பலன்னு விலாவாரியா இருக்கு. பல்லி கடிச்சா என்ன பலன்னு எழுதவே இல்ல. அதை எழுதினவர் நியூயார்க்ல இருந்த ஒரு டாக்டர்.

ஆனா அவர்கிட்ட போறதுக்கு முன்னாடி, போரடிக்கிற பகுதி ஒரு நிமிஷம். தாண்டி ஓடாதீங்க, வேகமா முடிச்சுடுறேன்.

ஒருத்தருக்கு குளுக்கோஸை டிரிப்ஸ்ல நேரா ரத்தத்துல ஏத்துறீங்க. இன்னொரு நாள் அவரையே குளுக்கோஸ் தண்ணி குடிக்கச் சொல்றீங்க. ரத்தத்துல சர்க்கரை அளவு ரெண்டு நாளும் ஒன்னுதான். ஆனா குடிச்ச அன்னைக்கு இன்சுலின் ரொம்ப அதிகமா சுரக்குது. 1964லயே இதை அளந்து பார்த்துட்டாங்க. அப்படின்னா குடல்ல இருந்து கணையத்துக்கு யாரோ தகவல் சொல்றாங்க: "பந்தி உட்கார்ந்தாச்சு, இலை போடு!" அந்தத் தகவல்காரங்கள்ல முக்கியமான ஆள்தான் ஜிஎல்பி-1ங்கிற ஹார்மோன். இன்சுலினைக் கூட்டும், இரைப்பை காலியாகுறதைத் தாமதப்படுத்தும், மூளைக்குப் போய் "போதும்"னு சொல்லும்.

இதோட தடயம் கிடைச்சது மனுஷன்கிட்ட இல்ல, மீன்கிட்ட. தூண்டில் மீன்னு ஒன்னு, தலையில தானே ஒரு தூண்டில் வச்சுக்கிட்டு கடலுக்கு அடியில உட்கார்ந்திருக்கும். பாஸ்டன்ல ஜோயல் ஹாபெனர் குழு 1980களோட தொடக்கத்துல அந்த மீனோட மரபணுவைத்தான் படிச்சாங்க. பாலூட்டி மரபணுவை வெட்டி ஒட்ட அப்போ கெடுபிடி இருந்தது, மீனுக்கு இல்ல. அங்கேயே வேலை பார்த்த ஸ்வெட்லானா மொய்சோவ், அந்த ஹார்மோன்ல வேலை செய்ற துண்டு எதுன்னு கண்டுபிடிச்சு, கையால தயாரிச்சும் காட்டினாங்க. 2021ல இந்தக் கண்டுபிடிப்புக்குக் கனடாவோட பெரிய பரிசான கெய்ர்ட்னர் மூணு பேருக்குப் போச்சு, மூணும் ஆம்பளைங்க. மொய்சோவ் பேரே இல்ல! காப்புரிமையில தன் பேரைச் சேர்க்கவே அவங்க போராட வேண்டியிருந்தது. 2024ல அமெரிக்காவோட பெரிய மருத்துவ விருதான லாஸ்கர் அவங்களுக்கும் வந்தது. எனக்கு இதைப் படிக்கும்போது வயிறு எரிஞ்சது, சரி, விடுங்க.

இப்போ பிரச்சினை. இவ்வளவு நல்ல ஹார்மோன், ஆனா ரத்தத்துல ரெண்டு நிமிஷத்துல பாதி காலி.

கோயில்ல தீபாராதனை பார்த்திருப்பீங்க. குருக்கள் கற்பூரத் தட்டை எடுத்துட்டு வருவார். முன்வரிசைக்கு நல்லா சுடர் இருக்கும். கடைசியில தூணுக்குப் பின்னாடி நிக்கிற நம்மகிட்ட வரும்போது கறுத்த தட்டுதான். நாமளும் சும்மா விடாம தட்டைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவோம். ஜிஎல்பி-1 அந்தக் கற்பூரம். டிபிபி-4ங்கிற ஒரு நொதி கத்தரிக்கோல் மாதிரி ரத்தத்துல காத்திருக்கும். இந்த ஹார்மோன் அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு சங்கிலி, அதோட முனையில ரெண்டாவது கண்ணி அலனின்னு ஒரு அமினோ அமிலம். அந்த இடத்துல நறுக்குன்னு வெட்டிடும், கதை முடிஞ்சது. இதை மருந்தா கொடுக்கணும்னா நாள் பூரா டிரிப்ஸ் மாட்டிக்கிட்டே அலையணும்.

இங்கதான் நம்ம பல்லி வருது!

[திரையில்: மறுபடியும் பல்லி. இந்தத் தடவை கொட்டு மேளத்தோட.]

டாக்டர் ஜான் எங். நியூயார்க் பிராங்க்ஸ்ல முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவமனையில வேலை. புது ஹார்மோன்களைத் தேடுறதுக்கு ஒரு வேதியியல் முறையை அவர் வச்சிருந்தார்: ஹிஸ்டிடின்ங்கிற அமினோ அமிலத்துல ஆரம்பிக்கிற சங்கிலிகளை மட்டும் பொறுக்கி எடுக்கும். பல்லி விஷம் மிருகங்களோட கணையத்தைச் சீண்டுதுன்னு வந்த ஆய்வுகளைப் பார்த்தார். காய்ஞ்ச விஷத்தை வாங்கிச் சோதிச்சார். 1992ல கட்டுரை வந்தது. பேரு எக்சென்டின்-4. நீளம் 39 அமினோ அமிலம். மனுஷனோட ஜிஎல்பி-1க்கும் இதுக்கும் 53 சதவீதம் ஒத்துமை. ஆனா அந்த ரெண்டாவது கண்ணி இருக்கே, அங்க அலனினுக்குப் பதிலா கிளைசின். கத்தரிக்கோல் வந்து பார்த்துட்டு வெட்ட வசதிப்படாம போயிடுது. ஒரே ஒரு எழுத்து மாறினா மரம் மறம் ஆகுற மாதிரி.

மருத்துவமனை நிர்வாகம் இதுக்குக் காப்புரிமை எடுக்க முன்வரல. மனுஷன் தன் கைக்காசைப் போட்டு எடுத்தார். 1996ல அமெரிக்காவோட சான் டியேகோ நகரத்துல ஆமிலின்ங்கிற கம்பெனி உரிமம் வாங்கினாங்க. 2005 ஏப்ரல்ல பையெட்டாங்கிற பேர்ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. ஒரு நாளைக்கு ரெண்டு ஊசி. இதைக்கூட பல்லியைப் பிடிச்சுப் பால் கறக்கிற மாதிரி கறக்கல. ஆய்வுக்கூடத்துல செயற்கையா செஞ்சது.

அப்போ ஓசெம்பிக்? அதுல இருக்கிற மருந்து செமாகுளூட்டைடு, இன்னொரு வம்சம். டென்மார்க்ல நோவோ நார்டிஸ்க் கம்பெனி, லோட்டே பியரே க்னுட்சன் குழு. இவங்க பல்லி பக்கம் போகல. மனுஷ ஹார்மோனையே எடுத்து 94 சதவீதத்தை அப்படியே வச்சுக்கிட்டு, சில இடத்துல மட்டும் கை வச்சாங்க. கத்தரி வெட்டுற இடத்தை மாத்தினாங்க. அப்புறம் ஒரு கொழுப்பு வாலைத் தொங்கவிட்டாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த வால்தான்.

நம்ம ரத்தத்துல ஆல்புமின்னு ஒரு பெரிய புரதம் சுத்திக்கிட்டே இருக்கும். அதை ஒரு டவுன் பஸ்னு வச்சுக்கோங்க. சின்ன மூலக்கூறு தனியா நடந்து போனா சிறுநீரகம் வடிகட்டி வெளிய தள்ளிடும். ஆனா பஸ்ஸை வடிகட்ட முடியாது. செமாகுளூட்டைடு அந்தக் கொழுப்பு வாலால ஆல்புமினைப் பிடிச்சுக்கிட்டு ஃபுட்போர்டுல தொங்கிட்டே போகுது. ஸ்டாப்பிங் வந்தா இறங்கி வேலையைப் பார்க்கும். கல்லூரிப் பசங்க தோத்தாங்க! இதனால ரெண்டு நிமிஷக் கற்பூரம், பாதி குறையவே ஏழு நாள் ஆகுற அணையா விளக்கு ஆயிடுச்சு. வாரம் ஒரு ஊசி போதும்.

ஆக, பல்லி இந்த மருந்துக்குப் பெத்த அப்பா இல்ல. ஒன்னுவிட்ட சித்தப்பா. ஆனா இந்த வகை மருந்து மனுஷன்கிட்ட வேலை செய்யும்னு முதல்ல கடைக்கு வந்து காட்டினது சித்தப்பாதான், அந்த மரியாதையைக் கொடுத்துடணும். பெரியப்பாவோட மெசேஜுக்கு இந்த வீடியோ லிங்க்கைப் பதிலா போடுங்க, சண்டை வந்தா நான் பொறுப்பில்ல.

செமாகுளூட்டைடோட பலன் எவ்வளவு? 2021ல வந்த ஆய்வுல 1,961 பேர், 68 வாரம். மருந்து போட்டவங்களுக்குச் சராசரியா 14.9 சதவீதம் எடை குறைஞ்சது, வெறும் ஊசிக்கு 2.4. அதே ஆய்வுல ஒரு பகுதி ஆட்களை மருந்தை நிறுத்தின பிறகும் ஒரு வருஷம் கவனிச்சாங்க: குறைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்துடுச்சு. விளம்பரத்துல இந்த வரி வராது. 2023ல 17,604 பேர்கிட்ட நடந்த ஆய்வுல மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் இதெல்லாம் சேர்த்து 20 சதவீதம் குறைஞ்சது. என்னைக் கேட்டா எடையை விட இதுதான் பெரிய செய்தி. குமட்டல், வாந்தி சகஜம், பித்தப்பைக் கல், கணைய வீக்கம் வர்றதுக்கும் வாய்ப்பு உண்டு. அதனால மெடிக்கல் ஷாப் அண்ணன்கிட்ட கேட்டு வாங்கிப் போடுற விஷயம் இல்ல, டாக்டர் எழுதித் தரணும்.

நமக்கு இது ஏன் முக்கியம்? சென்னையில இருக்கிற மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்தி 2023ல வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவுல சர்க்கரை உள்ளவங்க 10.1 கோடின்னு சொல்லுது. செமாகுளூட்டைடோட இந்தியக் காப்புரிமைக்குக் கடைசி மாசம் 2026 மார்ச். அதுக்கப்புறம் மத்த கம்பெனிகளும் செய்யலாம், விலை பேச்சு சூடாகுறது அதனாலதான்.

எல்லா நோய்க்கும் இதுவேதான் மருந்துன்னு கிளம்பினவங்களுக்கு 2025 நவம்பர்ல ஒரு குட்டு விழுந்தது. மாத்திரையா கொடுத்த செமாகுளூட்டைடு, ஆரம்பகட்டத்துல இருக்கிற அல்சைமர்ங்கிற மறதி நோயைத் தாமதப்படுத்துமான்னு ரெண்டு பெரிய ஆய்வு பண்ணினாங்க. ரெண்டுமே தோல்வி.

[திரையில்: பல்லி வளைக்குள்ள போகுது. வால் மட்டும் தெரியுது.]

அரிசோனா அரசாங்கம் 1952லயே இந்தப் பல்லியைச் சட்டம் போட்டுக் காப்பாத்த ஆரம்பிச்சிடுச்சு, விஷத்துல இப்படி ஒரு சங்கதி இருக்குன்னு தெரியறதுக்கு 40 வருஷம் முன்னாடியே. அடுத்த வாரம் இன்னொரு விஷக்காரர் வர்றார்: கடல்ல ஈட்டி வச்சு மீன் அடிக்கிற கூம்பு நத்தை. 2004ல அதோட விஷத்துல இருந்து ஒரு வலி மருந்துக்கு அனுமதி கிடைச்சது. கூம்பு நத்தை நம்ம மன்னார் வளைகுடாவுலயும் உண்டு. ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் இருக்கிறவங்க, உங்க ஊர்ல அதுக்கு என்ன பேருன்னு கமென்ட்ல எழுதுங்க. கையில மட்டும் எடுக்காதீங்க.