ரா-வில் எடுத்தால் அலட்சியம் வந்துவிடுமா?

அடுத்த கேள்வி, திருமணங்களுக்குப் படம் எடுக்கும் ஒரு தம்பியிடமிருந்து. ரா (RAW) பற்றியது, அதாவது சென்சார் பதிந்ததைக் கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு. "அண்ணா, நான் எப்போதும் ரா-வில்தான் எடுக்கிறேன். ஃபிலிம் காலத்திலிருந்தே தொழிலில் இருக்கும் என் மாமா, 'ரா வந்த பிறகுதான் உங்களுக்கெல்லாம் அலட்சியம் வந்தது' என்கிறார். அது உண்மையா?"

தம்பி, மாமாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு சுருளுக்கு 36 படம் என்று எண்ணி எண்ணி எடுத்தவர் அவர். ஸ்லைடு ஃபிலிமாக இருந்தால் ஒளி கொஞ்சம் கூடினாலே படம் வெளிறிப்போகும். ஆனால் அவர் பழி சுமத்த வேண்டியது ரா மீது அல்ல, "இருட்டாக வந்தால் என்ன, பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளலாம்" என்ற நினைப்பின் மீது. அந்த நினைப்புக்கு ரா-வும் பெரிதாக உதவாது.

ஏன் என்று சொல்கிறேன். கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 வெளிச்சப் படிகள். 14 பிட் ரா-வில் 16,384. கேட்கவே தாராளமாக இருக்கிறது. ஆனால் அந்தப் படிகள் சமமாகப் பங்கிடப்படவில்லை. சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் பதிவதால், பாதிப் படிகள், அதாவது 8,192, மிகப் பிரகாசமான ஒரே ஒரு ஸ்டாப்புக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது. அடுத்த ஸ்டாப்புக்கு 4,096, அதற்கடுத்து 2,048. நீங்கள் மூன்று ஸ்டாப் குறைத்து எடுத்தால் மொத்தமே 2,048 படிகள்தான் மிஞ்சும். அதைவிடப் பெரிய இழப்பு, சென்சாருக்குக் கிடைத்த ஒளியே எட்டில் ஒரு பங்காகிவிட்டது. மணப்பெண்ணின் கருங்கூந்தலில் மணல் தூவியதுபோல வரும் இரைச்சல் அங்கிருந்துதான் வருகிறது.

மறுபக்கம், மாப்பிள்ளையின் வெண்பட்டு வேட்டியில் வீடியோ விளக்கு நேராக விழுந்து ஒளி நிரம்பி வழிந்துவிட்டால், அங்கே மீட்பதற்கு எதுவுமே இருக்காது. ரா-வை முழுமையாகப் பயன்படுத்துகிறவர் அளந்து எடுக்கிறவர்தான்.

ஒயிட் பேலன்ஸில், அதாவது விளக்கின் நிறம் எதுவானாலும் வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அளவில், மட்டும் ரா உண்மையான விடுதலை தருகிறது. அதைப் பிறகு மாற்றினாலும் சேதமில்லை. ஆனால் மணப்பெண்ணின் ஒரு கன்னத்தில் மஞ்சள் விளக்கும் மறு கன்னத்தில் நீல எல்இடியும் விழுந்தால், எந்த ஒற்றை அளவும் இரண்டையும் சரிசெய்யாது. அங்கே நீங்கள்தான் இரண்டடி நகர்ந்து நிற்க வேண்டும்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். ஒரு முகூர்த்தத்தில் குத்துவிளக்கைப் படம் எடுக்க ஷட்டர் வேகத்தை 1/30 நொடிக்குக் குறைத்தேன். வேகத்தைத் திரும்பக் கூட்ட மறந்துவிட்டேன். தாலி கட்டும் கைகள் அத்தனை படத்திலும் கலங்கியிருந்தன. ரா கோப்புதான். வெளிச்சம் சரி, நிறம் சரி. மூன்றாவது முடிச்சு மட்டும் இல்லை. அந்தப் பெண்ணின் அம்மாவிடம் ஆல்பத்தைக் கொடுத்த நாளை நான் இன்னும் மறக்கவில்லை.

அதனால் நீங்கள் ரா-வை விட வேண்டாம். வாடிக்கையாளருடைய நாள் அது. நம் பிடிவாதத்துக்காக அந்தப் பாதுகாப்பை நாம் கைவிடக் கூடாது. அடுத்த வரவேற்பில் ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்துப் பதியுங்கள். வீட்டுக்கு வந்ததும் ரா-வைத் திறக்காமல் முதலில் ஜேபெக்கை மட்டும் பாருங்கள். அப்படியே கொடுக்கக்கூடியவை எத்தனை என்று எண்ணுங்கள். மற்றவற்றை மாமாவிடம் எடுத்துப் போங்கள். எங்கே நின்றிருக்க வேண்டும், எப்போது அழுத்தியிருக்க வேண்டும் என்று அவரால் சொல்ல முடியும்.