எண்ணூரில் மண்டியிட்டுத்தான் மரங்களை எண்ண வேண்டும், ஏன்?

வணக்கம். மரங்களைக் காப்பது என்றதும் நமக்குக் கன்று நடுவிழாதான் நினைவுக்கு வருகிறது. எண்ணூர்க் கழிமுகத்திலோ, நடுவதற்கு முன்பு இருப்பதை எண்ண வேண்டும், அதையும் சேற்றில் மண்டியிட்டு எண்ண வேண்டும்.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இவ்விடத்தில் வளரும் அலையாத்தி மரங்களில், அதாவது உப்புநீர்ச் சேற்றில் வாழும் மரங்களில், முக்கியமானது வெண்கண்டல். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தும் சதுப்பு தூர்க்கப்பட்டும் இக்காடு சுருங்கிய கதை வடசென்னைக்காரர்களுக்குத் தெரிந்ததே.

இந்த இலையைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவருகிறேன். மேலே மினுங்குபவை உப்புப் படிகங்கள். வேர்வழி வந்த உப்பை இலையின் சுரப்பிகள் வெளியேற்றியிருக்கின்றன. இதைவிட எனக்கு வியப்பளிப்பது காலடியில் இருக்கிறது. பென்சில் பருமனில் சேற்றைத் துளைத்து நிமிர்ந்திருக்கும் இக்குச்சிகள் அனைத்தும் சுவாச வேர்கள். சேற்றுக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவு என்பதால், மரம் வேரை மேல்நோக்கி வளர்த்து, நீர் வடிந்த நேரத்தில் அதன் பட்டையிலுள்ள நுண்துளைகள் வழியாகக் காற்றை வாங்கிக்கொள்கிறது. இரண்டு மூன்று மீட்டர் உயர மரம் ஒன்றுக்கே 10,000 சுவாச வேர்கள் வரை இருக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இங்கே பரவியது ஏன் இவ்வளவு கொடியது என்பது இப்போது புரிந்திருக்கும்: எண்ணெய் படிந்த வேர் மூச்சுவிட முடியாது.

கணக்கெடுப்பு எளிது. நீரோரத்திலிருந்து கரைவரை கோடு பிடித்து, 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டமாகக் கயிறு கட்டி, உள்ளே இருக்கும் மரங்களுக்கு எண் கட்டி, அடியிலேயே பிரியும் தண்டு ஒவ்வொன்றின் சுற்றளவையும் அளந்து, அடுத்த ஆண்டு அதே கட்டத்துக்குத் திரும்ப வேண்டும்.

ஆயினும் என்னைக் கேட்டால், மரங்களின் எண்ணிக்கையைவிட அவற்றுக்குக் கீழே முளைத்திருக்கும் கன்றுகளின் எண்ணிக்கையே முக்கியம்; அவற்றை எண்ணத்தான் மண்டியிட வேண்டியிருக்கிறது. வெண்கண்டலின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே காய்க்குள் முளைவிட்டுவிடும். நீரில் விழுந்ததும் தோல் கழன்று, மிதந்து, ஒதுங்கிய இடத்தில் வேர் பிடிக்கும். கன்றுகள் நிறைய இருக்கும் கட்டத்தில் நாம் நட வேண்டியதே இல்லை. ஒன்றுகூட இல்லாத கட்டத்தில், ஓதநீர், அதாவது கடல் ஏற்றத்தில் உள்ளே வரும் நீர், அங்கே வந்து போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிச்சாவரத்தில் சிதைந்த பகுதிகளுக்கு மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி ஓதநீரைக் கொண்டுசென்ற பிறகே நட்டார்கள், காடும் திரும்பியது. நீர் ஏறாத மேட்டில் வரிசையாக நடப்படும் கன்றுகள் காய்ந்துபோவதைக் காண எனக்கு மனம் வலிக்கிறது.

முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் பக்கத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முன்பு ஓதநீர் ஏறி, இப்போது ஏறாத இடம் எது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அடுத்த கயிற்றை அங்கேதான் கட்ட வேண்டும்.