யாழைத் துரத்திய இசைக்குழு

எல்லோருக்கும் வணக்கம். போன கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு நண்பர் கேட்டார்: "முதல் ஆல்பத்தில் அசத்துகிறவர்கள் இரண்டாவதில் ஏன் சார் சறுக்குகிறார்கள்?" முதல் ஆல்பத்துக்கு இருபது வருடத்துச் சரக்கு கையில் இருக்கும். இரண்டாவதற்கு ஒரு வருடமோ இரண்டு வருடமோதான். அதனால் பலர் முதலாவதையே கொஞ்சம் சாயம் மாற்றித் திரும்பக் கொடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்யாத ஒருவரைப் பற்றி இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

பெயர் ஜோஆனா நியூசம். 1982இல் பிறந்தவர். சொந்த ஊர் நெவாடா சிட்டி. பெயரை வைத்து நெவாடா மாநிலம் என்று நினைத்துவிடாதீர்கள்; அது கலிஃபோர்னியாவில், மலையடிவாரத்தில், தங்கம் தேடி வந்தவர்களால் உண்டான சிறிய ஊர். சின்ன வயதிலிருந்து ஹார்ப் வாசிக்கிறார். ஹார்ப்பை நம் யாழின் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மடியில் வைத்து மீட்டுகிற சமாச்சாரம் இல்லை. ஆள் உயரம் இருக்கும், 47 நரம்புகள், காலடியில் 7 பெடல்கள். ஒரு பெடலை அழுத்தினால் அந்தப் பெயருள்ள சுரம் எல்லா ஸ்தாயியிலும் ஒரே நேரத்தில் மாறும். நரம்புக் காட்டில் வழி தவறாமல் இருக்க சி என்ற மேற்கத்திய சுரத்தின் நரம்புகளுக்குச் சிவப்பு, எஃப் சுரத்தின் நரம்புகளுக்குக் கறுப்போ நீலமோ பூசியிருப்பார்கள். சுண்டுவிரலுக்கு மட்டும் வேலை கிடையாது.

மேற்கு ஆப்பிரிக்காவில் கோரா என்று ஒரு நரம்பு வாத்தியம் உண்டு. அதன் தாளப் பின்னலையும் இவர் ஹார்ப்புக்குக் கொண்டுவந்தார். ஒரு கை நான்கு நான்காக எண்ணும்போது இன்னொரு கை மூன்று மூன்றாகப் போகும். நம் வித்வான்களுக்குச் சதுஸ்ரமும் திஸ்ரமும் கைவந்த கலைதான், சரி. இவர் அதை வாசித்துக்கொண்டே வாயால் நீளமாகக் கதையும் சொல்வார்.

முதல் ஆல்பம் 2004இல் வந்தது. சிகாகோவின் டிராக் சிட்டி என்ற சின்ன நிறுவனம் வெளியிட்டது. 12 பாட்டு, பெரும்பாலும் சின்னச் சின்னதாக. குரல்தான் பெரிய பேச்சானது. குழந்தையும் கிழவியும் ஒரே தொண்டையில் குடியிருப்பது மாதிரி ஒரு குரல். உண்மையைச் சொல்கிறேன், முதல் தடவை கேட்டபோது மூன்றாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். பாகற்காய் மாதிரி, பழகத்தான் வேண்டியிருந்தது.

2006 நவம்பரில் இரண்டாவது ஆல்பம் வந்தது. பெயர் 'ஈஸ்'. பிரான்ஸின் பிரித்தானிப் பகுதிக் கதைகளில் கடல் கொண்டுபோன ஒரு நகரத்தின் பெயர் அது. புகாரைப் பறிகொடுத்த நமக்கு இந்த மாதிரி ஊர்களை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மொத்தம் 5 பாட்டு, 55 நிமிடம். இருப்பதிலேயே சின்னதுக்கு 7 நிமிடம், பெரியதுக்கு ஏறக்குறைய 17 நிமிடம். வானொலியில் போட ஒன்றுகூடத் தேறாது. அப்போது அவருக்கு 24 வயது.

நீளம் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நீளமாகப் பாட யாராலும் முடியும். எந்த வேலையை முதலில் செய்தார், எதைப் பின்னால் வைத்தார் என்பதில்தான் துணிச்சல் இருக்கிறது. பாட்டும் ஹார்ப்பும் மட்டும் முதலில் பதிவாயின. பதிவு செய்தவர் ஸ்டீவ் ஆல்பினி. நிர்வாணா என்ற ராக் குழுவின் 1993 ஆல்பத்தைப் பதிவு செய்தவர். 2024இல் மறைந்துவிட்டார். தன்னைத் தயாரிப்பாளர் என்று சொல்லிக்கொண்டதில்லை, ராயல்டியும் வாங்கியதில்லை. மைக்கைச் சரியான இடத்தில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பதுதான் என் வேலை என்று இருந்த ஆள். அடுத்து, இசைக்குழுவுக்கு எழுத நியூசம் அழைத்தது யாரை? வான் டைக் பார்க்ஸை. பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கப் பாப் குழுவின் பிரையன் வில்சனுடன் சேர்ந்து 1966இல் 'ஸ்மைல்' பாடல்களை எழுதியவர். ஒரு இடம் காலியாக இருந்தால் அங்கே ஒரு பூவையாவது செருகிவிடுகிற ரகம். ஒருவர் சுண்ணாம்புகூட அடிக்காத சுவர், இன்னொருவர் செட்டிநாட்டுக் கதவு. இந்த இரண்டு பேரையும் ஒரே ஆல்பத்தில் பூட்ட யாருக்குத் தோன்றும்?

வரிசையைக் கவனியுங்கள். வழக்கமாக இசைக்குழு மெத்தையை விரிக்கும், பாடகர் வந்து அதில் உட்காருவார். இங்கே பாடகர் தன் இஷ்டத்துக்கு ஓடி முடித்துவிட்டார். ஒரு வரியில் வேகம் கூடும், அடுத்த வரியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார். அந்தப் பதிவை வைத்துக்கொண்டு வயலினும் குழலும் அவர் பின்னால் ஓட வேண்டும். ஹெட்ஃபோனில் கேட்டால் தெரியும். சில இடங்களில் வயலின்கள் அவர் வார்த்தையை முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அப்புறம் அவசரமாக உள்ளே நுழைகின்றன. நம் கச்சேரியில் பக்கவாத்தியக்காரர் பாடகர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார் இல்லையா, அது மாதிரி. ஆனால் இங்கே பார்க்க முகம் இல்லை, ஏற்கெனவே பதிவான குரல் மட்டும்தான்.

'எமிலி' என்பது முதல் பாட்டு. எமிலி அவருடைய சகோதரி, வானியற்பியல் படித்தவர்; இந்தப் பாட்டில் சேர்ந்தும் பாடுகிறார். ஆற்றங்கரை, நட்சத்திரங்களின் பெயர்கள், வீட்டு ஞாபகங்கள் என்று போகிற பாட்டு. நடுவில் விண்கற்களைப் பற்றி ஒரு சின்னப் பாடம் வரும். விண்வெளியில் சுற்றுகிற கல்லுக்கு ஒரு பெயர், அது எரிந்து வரும் வெளிச்சத்துக்கு ஒரு பெயர், தரையில் விழுந்து கிடக்கிற கல்லுக்கு ஒரு பெயர். இதில் முதலாவதையும் மூன்றாவதையும் நியூசம் இடம் மாற்றிப் பாடியிருக்கிறார்! வானியல் தெரிந்த சகோதரிக்கான பாட்டிலேயே வானியல் தப்பு. எனக்கு அந்தத் தப்பு பிடித்திருக்கிறது. வீட்டில் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததை நாமும் இப்படித்தானே ஞாபகம் வைத்திருக்கிறோம்?

இரண்டாவது பாட்டு ஒரு குரங்கும் கரடியும் பண்ணையிலிருந்து தப்பி ஓடுகிற கதை. விடுதலை என்று கூட்டிவந்த குரங்கு, சாப்பாட்டுக்காகக் கரடியைத் தெருவில் ஆடவைக்கிறது. கடைசியில் கரடி தண்ணீருக்குள் இறங்கி, தன் உடம்பையே கழற்றிப் போட்டுவிட்டுப் போகிறது. அருமையான கதை. ஆனால் பார்க்ஸ் இங்கே கொஞ்சம் அதிகம் பேசிவிட்டார் என்பது என் அபிப்பிராயம். குரங்கு ஒரு அடி வைத்தால் குழல் ஒரு அடி, கரடி அசைந்தால் அடித்தந்திகள் ஒரு அசைவு. கார்ட்டூன் பார்ப்பது மாதிரி ஆகிவிடுகிறது. விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய ஆல்பம்தான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

அதனால்தானோ என்னவோ, மூன்றாவது பாட்டில் இசைக்குழுவே கிடையாது. ஹார்ப்பும் குரலும் மட்டும், பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. மற்ற நான்கிலும் இத்தனை பேர் சேர்ந்து வாசித்ததற்கு அடியில் என்ன இருந்தது என்று இந்தப் பாட்டில் பச்சையாகத் தெரியும். எந்தக் குறையும் தெரியவில்லை. வீடு முழுசாகக் கட்டியாகிவிட்டது, தோரணம் கட்டத்தான் பார்க்ஸ் வந்தார். நான்காவது பாட்டில் பில் கேலஹன் என்ற பாடகர் கடைசிப் பகுதியில் வந்து சேர்ந்து பாடுவார். அதைப் பற்றிப் பேச இன்னொரு மாலை வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு அவர் அடங்கவில்லை. 2010இல் வந்த மூன்றாவது ஆல்பம் இரண்டு மணி நேரம், மூன்று தட்டு. ஸ்ட்ரீமிங்கை வெளிப்படையாகவே எதிர்த்துப் பேசியவர் என்பதால் நான் சிடியையே கொண்டுவந்திருக்கிறேன்.

இப்போது 'எமிலி'யைப் போடப்போகிறேன், 12 நிமிடம். அந்த மூலையில் உட்கார்ந்திருக்கிற தம்பி, ஃபேனை மட்டும் கொஞ்சம் நிறுத்துங்கள். வியர்க்கும்தான். ஆனால் அந்தச் சத்தத்தில் ஹார்ப்பின் அடி நரம்புகள் கேட்காது.