ஜன்னலில் தெரிந்த துண்டு: ஒரு நேயரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். 'ஆதாயம் தரும் பதவி', அதாவது மக்கள் பிரதிநிதி ஒருவர் வகித்தால் அவருடைய உறுப்பினர் பதவியே பறிபோகக்கூடிய, ஆதாயம் உள்ள அரசுப் பதவி பற்றிச் சென்ற வாரம் பேசிய உரைக்குப் பிறகு வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாள்களாக என்னை விடவில்லை. தருமபுரி மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்: "ஐயா, எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது ஒன்றைக் குற்றம் என்று கொதிப்பவர்கள், ஆளும் வரிசைக்கு வந்ததும் அதையே கூச்சமில்லாமல் செய்கிறார்கள். இது மனிதர்களின் குறையா, சட்டத்தின் குறையா? கோபித்துக்கொள்ளாவிட்டால் இன்னொன்று: நீங்கள் எந்தக் கட்சி?"

கோபம் ஒன்றுமில்லை, அம்மா. கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டிருந்தீர்களானால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். மனிதரா, சட்டமா என்பதைவிட, அந்த மனிதர்மீது அந்தச் சட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்பவர் யார் என்பதுதான் நான் எதிர்பார்த்துக் காத்திருக்கும் கேள்வி.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு என் தந்தையாரின் துண்டுக் கதை நன்றாகத் தெரியும். புதிதாக வந்திருப்பவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். என் தந்தையார் எங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் தலைவராக இருந்தார். ஒருமுறை என் தாய்மாமன் கிணற்று மோட்டாருக்குக் கடன் கேட்டு மனுக் கொடுத்திருந்தார். அந்த மனு எடுக்கப்பட்டதும் தந்தையார் எழுந்து, "இது என் மைத்துனர் மனு, நான் இங்கே இருப்பது முறையல்ல" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். ஊரே மெச்சிய செயல் அது. ஆனால் தாழ்வாரத்துப் பெஞ்சு ஜன்னலை ஒட்டி இருந்தது. உள்ளே இருந்த இயக்குநர்கள் அத்தனை பேர் கண்ணிலும் அந்தத் துண்டின் நுனி பட்டுக்கொண்டே இருந்தது. வாங்கிவரச் சொன்ன தேநீர் வருவதற்குள் கடன் நிறைவேறிவிட்டது. அன்று இரவு, யாரும் மறுத்துப் பேசவில்லையா என்று அம்மா கேட்டபோது அவர் சொன்னார்: "நான் உள்ளே இருந்திருந்தாலாவது ஒருத்தர் மறுத்துப் பேசியிருப்பார்."

நலன் முரண் என்று நாம் சொல்வதன் முழுப் பொருளும் இதற்குள் அடங்கிவிட்டது. ஒருவர் வகிக்கும் பொறுப்பு அவரை ஒரு பக்கம் இழுக்க, அவருடைய சொந்த நலனோ, உறவின் நலனோ, கட்சியின் நலனோ மறுபக்கம் இழுக்கும் நிலைதான் அது. அவர் எழுந்து வெளியே போய்விட்டால் மட்டும் அந்த நிலை மாறிவிடாது. உள்ளே இருப்பவர்கள் அவருக்குக் கட்டுப்பட்டவர்களாக இருக்கும்வரை துண்டு ஜன்னலில் தெரிந்துகொண்டேதான் இருக்கும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்திய நாடாளுமன்ற வரலாற்றில் இந்தக் கோளாறு ஆதியிலிருந்தே இப்படித்தான் இருந்ததா என்றால், இல்லை. 1951ஆம் ஆண்டில், முதல் பொதுத்தேர்தலுக்கும் முன்பு, தற்காலிக நாடாளுமன்றம் இருந்த காலத்தில், எச்.ஜி. முட்கல் என்ற காங்கிரஸ் உறுப்பினர், பம்பாயின் தங்கம், வெள்ளி வணிகர் சங்கத்திடம் ஆதாயம் பெற்றுக்கொண்டு அவர்களுக்காக அவையில் ஆதரவு திரட்டினார் என்ற புகார் எழுந்தது. விசாரணைக் குழு அமைக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர், பிரதமர் நேரு. குழுவின் தலைவர், நம் சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி. குற்றம் உறுதியானதும் அவையிலிருந்து நீக்கும் தீர்மானத்தையும் நேருவே முன்மொழிந்தார். தீர்மானம் நிறைவேறுவதற்கு முன் முட்கல் பதவி விலகல் கடிதத்தை நீட்டினார். அவை அதோடு விட்டுவிடவில்லை. அந்தக் கடிதத்தின் வாசகமே அவையை அவமதித்துக் குற்றத்தைக் கூட்டுகிறது என்று தீர்மானத்தைத் திருத்தி நிறைவேற்றியது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம். முட்கலை விசாரித்த அதே டி.டி.கே. ஆறே ஆண்டுகளில் தாமே விசாரிக்கப்பட்டார். 1957இல் அவர் நிதியமைச்சர். அதற்கு முந்தைய ஆண்டுதான் உருவாக்கப்பட்டிருந்த ஆயுள் காப்பீட்டுக் கழகம், முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியிருந்தது. பாலிசிதாரர்களின் பணம் ஒரு தனிமனிதரைத் தூக்கிவிடப் போனதா என்று மக்களவையில் எழுந்து கேட்டவர் ஃபெரோஸ் காந்தி. ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமரின் மருமகன், ரேபரேலி தொகுதிக்காரர். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தனி ஒருவராக, பொதுமக்கள் முன்னிலையில், 24 நாள்களில் விசாரணையை முடித்தார். கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்ட வேண்டியிருந்தது. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார்.

அந்தக் காலத்து மனிதர்கள் புனிதர்கள் என்று சொல்ல நான் இதை எடுக்கவில்லை. அதே டி.டி.கே. 1962இல் மீண்டும் அமைச்சரவைக்கு வந்தார், மீண்டும் நிதியமைச்சரானார், குடும்ப நிறுவனங்கள் தொடர்பான புகார்கள் எழுந்த சூழலில் 1965 இறுதியில் மறுபடியும் விலகினார். மனிதர் மாறவில்லை. 1958இல் வேறாக இருந்தது விசாரணை மேசைதான். அங்கே அமர்ந்தவருக்குக் கட்சி கொடுத்த இருக்கை எதுவும் கிடையாது. அறையின் கதவும் திறந்திருந்தது.

ரேபரேலி என்றவுடன் 2006 நினைவுக்கு வருகிறது. சென்ற உரையில் அவசரமாகக் கடந்துபோன இடம் அது. உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் குழுவின் தலைவராக இருந்ததற்காகச் சமாஜ்வாதி உறுப்பினர் ஜெயா பச்சன் மாநிலங்களவைப் பதவியை இழந்தார். புகார் காங்கிரஸ் தரப்பிலிருந்து சென்றது. அவர் அந்தப் பதவிக்கான சம்பளத்தை வாங்கினாரா என்பது முக்கியமல்ல, வாங்கும் உரிமை அந்தப் பதவிக்கு உண்டா என்பதே கேள்வி என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் அதற்கு முன்பே விரல் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. தேசிய ஆலோசனைக் குழுவின் தலைவராக, கேபினட் அமைச்சர் தகுதியோடு இருந்த சோனியா காந்தியின் பதவி மட்டும் என்னவாம் என்று கேட்டார்கள். 2006 மார்ச் 23ஆம் தேதி அவர் மக்களவைப் பதவியிலிருந்து விலகி, மே மாதத்தில் அதே ரேபரேலியில் பெரும் வித்தியாசத்தில் வென்று திரும்பினார்.

அதற்குள் பல கட்சிகளைச் சேர்ந்த உறுப்பினர்கள்மீது புகார்கள் குவிந்துவிட்டன. நாடாளுமன்றம் என்ன செய்தது தெரியுமா? ஐம்பதுக்கும் மேற்பட்ட பதவிகளுக்கு முன்தேதியிட்டு விலக்களித்து ஒரு சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. மக்களவைத் தலைவர் சோம்நாத் சாட்டர்ஜி தலைமை வகித்த சாந்திநிகேதன் வளர்ச்சி ஆணையமும் அந்தப் பட்டியலில் இருந்தது. குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் மே 30ஆம் தேதி அதைத் திருப்பி அனுப்பினார். பதவி பதவியாகப் பெயர் சொல்லி விலக்களிப்பதை விட்டு, எல்லோருக்கும் பொருந்தும் நியாயமான, தெளிவான அளவுகோல் ஒன்றை வகுக்க முடியாதா என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். நாடாளுமன்றம் ஒரு எழுத்தையும் மாற்றாமல் மறுபடி நிறைவேற்றி அனுப்பியது. இரண்டாம் முறை வந்தால் ஒப்புதல் தருவதைத் தவிர அரசமைப்புச் சட்டத்தில் அவருக்கு வழி இல்லை, ஆகஸ்டில் கையெழுத்திட்டார்.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. 2015இல் டெல்லியில் ஆம் ஆத்மி அரசு தன் சட்டப்பேரவை உறுப்பினர்கள் 21 பேரை, அமைச்சர்களுக்கு உதவும் நாடாளுமன்றச் செயலாளர்களாக நியமித்துவிட்டு, பிறகு முன்தேதியிட்டு விலக்களிக்கும் மசோதா ஒன்றை நிறைவேற்றியது. மாற்று அரசியல் என்று சொல்லி வந்தவர்கள், பழைய அரசியல் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் செய்ததை வரி மாறாமல் செய்தார்கள். ஒப்புதல் மறுத்த குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி, 2006இல் அந்தப் பழைய விலக்குச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் மூத்த அமைச்சர். எனக்கு அடிக்கடி சிரிப்பு வருகிறது என்று நேயர் ஒருவர் குறைப்பட்டிருந்தார். இதைப் படித்துவிட்டு எப்படிச் சிரிக்காமல் இருப்பது?

நம் ஊருக்கு வருவோம். சட்டப்பேரவைத் தலைவர் ஒரு கட்சியின் சின்னத்தில் நின்று, அந்தக் கட்சியின் பெரும்பான்மையால் அந்த இருக்கையில் அமர்கிறவர். கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று நாம் சொல்லும், அரசமைப்புச் சட்டத்தின் பத்தாவது அட்டவணை, உறுப்பினரைத் தகுதி நீக்கம் செய்யும் அதிகாரத்தை அவர் கையில்தான் கொடுத்திருக்கிறது. 2017 பிப்ரவரி 18ஆம் தேதி, எடப்பாடி பழனிசாமி அரசு கோரிய நம்பிக்கை வாக்கெடுப்பில் ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 அ.தி.மு.க. உறுப்பினர்கள், கொறடா உத்தரவை மீறி எதிர்த்து வாக்களித்தார்கள். ஆகஸ்டில் அணிகள் இணைந்தன, ஓ.பி.எஸ். துணை முதல்வரானார். மறுநாளே டி.டி.வி. தினகரன் ஆதரவாளர்கள் 19 பேர், முதல்வர்மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அவர்கள் அவைக்குள் எதிர்த்து வாக்களிக்கவில்லை, கடிதம்தான் கொடுத்தார்கள். ஒருவர் திரும்பிவிட்டார். மீதி 18 பேரையும் செப்டம்பர் 18ஆம் தேதி பேரவைத் தலைவர் தனபால் தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் இருவேறாகத் தீர்ப்பளித்து, மூன்றாம் நீதிபதி 2018 அக்டோபரில் தகுதி நீக்கத்தை உறுதி செய்தார். சட்டப்படி அது சரி என்றே வைத்துக்கொள்வோம். அவைக்குள்ளேயே எதிர்த்து வாக்களித்த 11 பேர்? அந்தப் பேரவையின் காலம் 2021இல் முடியும்வரை அவர்களில் ஒருவர்கூடப் பதவி இழக்கவில்லை. 18 பேருக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை, 11 பேருக்கு நான்கு ஆண்டும் போதவில்லை. தனபால் தனிப்பட்ட முறையில் எப்படிப்பட்டவர் என்ற பேச்சுக்கே நான் போகவில்லை. அந்த இடத்தில் என் தந்தையாரை உட்கார வைத்திருந்தாலும் ஜன்னலில் துண்டு தெரிந்திருக்கும், இங்கே அது கரை போட்ட துண்டு, அவ்வளவுதான்.

ஒரு கட்சியை மட்டும் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் தெலங்கானாவைப் பாருங்கள். 2019இல் காங்கிரஸின் 18 உறுப்பினர்களில் 12 பேர், அன்று ஆண்ட தெலங்கானா ராஷ்டிர சமிதியில் 'இணைந்ததாக' அவைத் தலைவர் ஏற்றுக்கொண்டார். ஜனநாயகப் படுகொலை என்றது காங்கிரஸ். 2023 இறுதியில் ஆட்சி மாறியது. அடுத்த ஆண்டு, பாரத் ராஷ்டிர சமிதி என்று பெயர் மாற்றிக்கொண்டிருந்த அதே கட்சியின் உறுப்பினர்கள் பத்துப் பேர் காங்கிரஸ் பக்கம் வந்தார்கள். அவர்களில் ஒருவர், பேரவை உறுப்பினர் பதவியை விடாமலே செகந்தராபாத் மக்களவைத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்றார். அதே தேர்தலுக்குக் காங்கிரஸ் வெளியிட்ட அறிக்கையில், கட்சி தாவினால் தானாகவே பதவி பறிபோகும்படி சட்டத்தைத் திருத்துவோம் என்ற வாக்குறுதி இருந்தது. இப்போது ஜனநாயகப் படுகொலை என்று முழங்குவது மற்றவர்களின் முறை. 2025 ஜூலை 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தலையிட்டு, மூன்று மாதத்துக்குள் முடிவெடுங்கள் என்று அவைத் தலைவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே அம்மா, மனிதரின் குறையா, சட்டத்தின் குறையா என்றால், ஆளைப் பிடித்துத் திட்டுவதில் எனக்கு ஆர்வம் குறைந்துகொண்டே வருகிறது. 1967இல் மக்களவைத் தலைவரானதும் நீலம் சஞ்சீவ ரெட்டி தம் காங்கிரஸ் உறுப்பினர் பதவியையே விட்டார். அப்படி விடுகிறவரை அந்தச் சட்டம் தண்டிக்காது என்று பத்தாவது அட்டவணையிலேயே தனிப் பத்தி எழுதி வைத்திருக்கிறார்கள். கதவு திறந்துதான் இருக்கிறது, யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. இந்த அதிகாரத்தை அவைத் தலைவரிடமிருந்து எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான நிரந்தரத் தீர்ப்பாயத்திடம் கொடுப்பது பற்றி நாடாளுமன்றம் யோசிக்கலாம் என்று 2020 ஜனவரியில், மணிப்பூர் கட்சித் தாவல் வழக்கில், உச்ச நீதிமன்றமும் எழுதியது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டாத கட்சி இல்லை. ஆளும்போது அதை மசோதாவாகக் கொண்டுவந்த கட்சியும் இல்லை.

கடைசிக் கேள்வி மீதமிருக்கிறது: நான் எந்தக் கட்சி? நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. ஆனால் என் அத்தை மகன் ஒரு கட்சியின் சார்பில் எங்கள் நகராட்சியில் கவுன்சிலராக இருக்கிறார். அந்த நகராட்சியின் குப்பை ஒப்பந்தம் பற்றி நான்கு நேயர்கள் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். அவற்றுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. எனக்கும் அவருக்கும் அறிமுகமில்லாத ஒரு வழக்கறிஞரிடம் அந்த நான்கையும் ஒப்படைத்திருக்கிறேன், அடுத்த வாரம் அவர் இந்த இடத்தில் அமர்ந்து பேசுவார். அப்போது நான் இந்த அறையில் இருக்க மாட்டேன். ஜன்னலையும் சாத்திவிடச் சொல்லியிருக்கிறேன்.