பெரிய தலை இறால்

நேயர்களுக்கு வணக்கம். ஹாங்காங்கில் பல வருடம் இருந்தவன் நான். அங்கே பேச்சு கான்டனீஸ் என்கிற சீன மொழி. வகுப்பில் கற்றதைவிடச் சந்தையில் திட்டு வாங்கிக் கற்றதுதான் எனக்கு அதிகம்.

ஒருநாள் கவுலூனில் மீன் வாங்கிவிட்டுக் கிளம்புகிறேன். பின்னாலிருந்து கடைக்கார அம்மாள், "தாய் தவ் ஹா! தாய் தவ் ஹா!" என்று கத்துகிறார். மூன்றும் எனக்குத் தெரிந்த சொற்கள்: பெரிய, தலை, இறால். சரி, நல்ல இறால் வந்திருக்கிறது போல என்று திரும்பிப் போய், "அரை காட்டி போடுங்கள்" என்றேன். அங்கே ஒரு காட்டி சுமார் 600 கிராம். அக்கம்பக்கத்துக் கடைகளெல்லாம் சிரித்தன. அந்த அம்மாள் கையில் என் குடை!

மறதிக்காரனுக்கு, கவனமில்லாதவனுக்கு அங்கே 'பெரிய தலை இறால்' என்று பெயர். தலை என்னவோ பெரிதுதான், உள்ளே சதை இராதே! நம்மிடம் தலைக்கனம் என்றால் திமிர்; அங்கே பெரிய தலை மறதிக்கு. இதில் கோபம் குறைவு. புத்தகத்தை மறந்துவிட்டு வரும் பிள்ளையை அம்மா இப்படித்தான் திட்டுவாள். அன்று இறாலும் வாங்கினேன், குடையையும் மறக்கவில்லை.

கஞ்சனுக்கு 'கூ ஹோன்'. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் தனிமை, குளிர். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் வீட்டில் வேறென்ன இருக்கும்? பிடிவாதக்காரனுக்கு 'ங்காங் கெங்', கெட்டிக் கழுத்து. திரும்பவே திரும்பாது! இன்னொன்று கவனித்தீர்களா? 'ங' நமக்கு அரிச்சுவடியோடு சரி. அங்கே சொல்லின் முதலிலேயே வந்து நிற்கும். இந்தக் காலத்து ஹாங்காங்காரர்கள் பலர் அதை விழுங்கிவிட்டு 'ஆங் கெங்' என்கிறார்கள். நான் விடாமல் 'ங' சொல்வேன். அதற்கும் கெட்டிக் கழுத்து என்று பெயர் வாங்கினேன்.

பாருங்கள், இறால், கழுத்து, குளிர்... எல்லாம் கைக்கு எட்டுகிற சங்கதிகள். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவன் 'பாம்பு ராஜா'. முகஸ்துதி செய்வது 'ஷூ துடைப்பது'. இவற்றை விரிவாகச் சொல்லத்தான் வந்தேன், அதற்குள் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள்.

ஒன்றே ஒன்று. ஈவிரக்கமில்லாதவனை 'மூங்கிலில் பின்னிய வாத்து' என்பார்கள். பின்னிய வாத்துக்குள் இதயம் ஏது, ஈரல் ஏது? ஆனால் இதயமும் ஈரலும் இல்லை என்கிற அந்தப் பின்பாதியை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. வாத்து என்று நிறுத்தினாலே கேட்பவர் முடித்துக்கொள்வார். நானும் வாத்தோடு நிறுத்துகிறேன். வணக்கம்.