"அவருக்குத் தெரிய வேண்டாம், டாக்டர்"

(காட்சி: வேலூர், காந்தி ரோடு. லாட்ஜ் பலகைகள். வாசல்படியில் ஸ்கேன் கவரோடு ஒரு குடும்பம்.)

வைத்தியத்துக்கு வேலூர் வருகிறவர்கள் தங்கும் தெரு இது. வங்காளத்திலிருந்தும் வருவார்கள், பக்கத்து ஆம்பூரிலிருந்தும் வருவார்கள். பேசும் மொழி வேறு. ஆனால் ஸ்கேன் முடிவு மோசமாக இருந்தால், மருத்துவரிடம் தனியாகப் போய் ரொம்பப் பேர் கேட்பது ஒன்றுதான்: "அவருக்குத் தெரிய வேண்டாம், டாக்டர். தாங்க மாட்டார்."

நாங்களும் கேட்டோம். குடியாத்தத்தில் கைலி நெய்துகொண்டிருந்த என் பெரியப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய், முற்றிவிட்டது. அவரிடம் "குடல் புண்ணு, சரியாயிடும்" என்றோம். கீமோவை "சத்து டிரிப்ஸ்" என்றோம். தலையாட்டினார். கருமாதி அன்று பக்கத்துத் தறிக்காரர் சொன்னார்: "அவருக்கு முதல் வாரமே தெரியும்பா. பசங்க ஒடைஞ்சு போயிடுவாங்க, தெரியாத மாதிரியே இருந்துடறேன்னாரு."

தெரியாமல் எப்படி இருக்கும்? உடம்பே சொல்லிவிடும். வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காத தங்கை திடீரென்று வந்து காலடியில் உட்கார்ந்தால் அதுவும் சொல்லும்.

அமெரிக்க சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் மருத்துவமனைகளில் சாகும் தறுவாயில் இருந்தவர்களைக் கவனித்து 1965-ல் எழுதினார்கள். நோயாளிக்குத் தெரியாத நிலை, அவர் சந்தேகப்படும் நிலை, எல்லாருக்கும் தெரிந்தும் தெரியாததுபோல் நடிக்கும் நிலை, மனம்விட்டுப் பேசும் நிலை என்று நான்கு சொன்னார்கள். எங்கள் வீடு மூன்றாவதிலேயே நின்றுவிட்டது. பாசத்தால்தான் மறைத்தோம். அவரும் பாசத்தால்தான் மறைத்தார். ஆனால் சாவு பயத்தை யாரிடமும் சொல்ல முடியாமல், வீடு நிறைய ஆட்கள் இருந்தும் தனியாகக் கிடந்தார்.

கடைசி வாரம் மூச்சுத் திணறல். வெண்டிலேட்டர் வைப்பதா, வீட்டுக்குக் கொண்டுபோவதா? வராண்டாவில் நின்று அண்ணன் தம்பிகள் சண்டை போட்டோம். அவர் ஒரே வரியில் சொல்லியிருப்பார். நினைவு இருந்தபோது யாரும் கேட்கவில்லை.

சட்டம் இதற்கு இடம் தருகிறது. கண்ணியமாக இறப்பதும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. தேறவே வழியில்லாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவைப்பட்டது. 2023-ல் அதைத் தளர்த்தினார்கள். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். ஆனால் தெளிந்த மனதோடு இருக்கும்போதே எழுத வேண்டும். நோயையே மறைத்துவிட்டால் அவர் எப்போது எழுதுவார்?

சரி, அப்படியானால் போட்டு உடைத்துவிடுவதா? கூடாது. தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. அதனால் முதலில் கேட்க வேண்டும். "உடம்புக்கு என்னன்னு நினைக்கறீங்க?" பிறகு, "டாக்டர் சொல்றதெல்லாம் உங்ககிட்டயே சொல்லட்டுமா, வீட்ல யார்கிட்டயாவது சொல்லட்டுமா?" "பெரியவன்கிட்ட சொல்லிடுங்க" என்றால் அதுவும் அவர் எடுத்த முடிவு. நாம் அவருக்குப் பதிலாக எடுத்தது அல்ல. நாளைக்கு மனசு மாறலாம். திரும்பவும் கேளுங்கள்.

கேட்ட உடனே "ஒன்னும் ஆகாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையில் பேச்சு நின்றுவிடும். கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். அவர் வாய் திறக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.