சதர்லாந்தில் பிடிபட்ட கோள்கள்

நேயர்களே, வணக்கம். வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். நாசா, விண்வெளித் தொலைநோக்கி என்று தொடங்குவேன் என எதிர்பார்த்திருக்கலாம். அதையெல்லாம் சொல்ல ஆள் நிறைய உண்டு. எனக்குச் சொல்ல ஆசை, நம் தென்னாப்பிரிக்காவின் கரூ வறண்ட நிலத்தில், சதர்லாந்து மேட்டில் ஒரு கொட்டகைக்குள் இருந்த எட்டுக் கேமராக்களைப் பற்றி.

சதர்லாந்து கேப் டவுனிலிருந்து ஏறக்குறைய 370 கிலோமீட்டர். நம் டர்பன் உடம்புக்கு அந்தக் குளிர் தாங்காது, பனிகூட விழும். ஆனால் வானத்தைப் பார்க்க வேண்டுமே! நம் சாட்ஸ்வொர்த்தில் லோட்ஷெடிங் வந்து விளக்கெல்லாம் அணைந்தால்தான் தலைக்கு மேலே நட்சத்திரம் இருப்பது நினைவுக்கு வரும். அங்கே இரவுக்கு இரவு அதுதான் காட்சி. 2005இல் திறந்த சால்ட் தொலைநோக்கி அங்கேதான் நிற்கிறது, 91 அறுகோணக் கண்ணாடிகளோடு. போகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கோள் பிடிப்பதில் பெயர் வாங்கியதோ அதே மேட்டில் இருந்த ‘வாஸ்ப் சவுத்’, நான் சொன்ன அந்த எட்டுக் கேமராக்கள்.

கிங்ஸ்மீடில் எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கிரிக்கெட் படம் எடுப்பவர்களிடம் ஒரு தடித்த லென்ஸ் இருக்குமே, அந்த ரகம்தான்: 200 மில்லிமீட்டர் கேனன். கடையில் விற்ற சாமான். எட்டு லென்ஸை ஒரே தாங்கியில் பூட்டி, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒளியைப் பதியும் சிசிடி சில்லு ஒன்றைப் பொருத்தினார்கள். இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தார் 2006 முதல் இதை நடத்தினார்கள். வானத்தின் அதே பகுதிகளைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்து, ஒவ்வொரு நட்சத்திரத்தின் வெளிச்சத்தையும் கணக்கில் எழுதி வைப்பதுதான் வேலை. இந்த எட்டுக் கண்களுக்குச் சிக்கிய கோள்கள் நூற்றுக்கும் மேல்.

அந்தப் படங்களில் கோள் தெரியாது. அது நட்சத்திரத்தின் குறுக்கே போகும்போது வெளிச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சூரியன் போன்ற நட்சத்திரத்தை வியாழன் அளவுள்ள கோள் மறைத்தால், நூறு ராண்டில் ஒரு ராண்ட் குறைந்த மாதிரி. பூமி அளவானது மறைத்தால் 12,000 ராண்டில் ஒரு ராண்ட். தரையிலிருந்து பார்த்தால் நம் காற்றின் நடுக்கமே அதை விழுங்கிவிடும். அதனால் வாஸ்புக்கு மாட்டியவை பெரும்பாலும் நட்சத்திரத்தை ஒட்டியே ஓடும் கொதிக்கிற ராட்சதக் கோள்கள்.

இப்படிக் குறுக்கே போவதைப் பார்ப்பது டர்பனுக்குப் புதிதல்ல. 1882 டிசம்பர் 6 அன்று வெள்ளி சூரியனைக் கடந்தது. அதற்காகவே அந்த ஆண்டு இங்கே நேட்டால் வான்காணகத்தை அமைத்தார்கள். எட்மண்ட் நெவில் அதன் பொறுப்பாளர். ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து நம் ஆட்களை முதன்முதலாக இங்கே கொண்டுவந்து இறக்கி அப்போது 22 ஆண்டுதான் ஆகியிருந்தது. 2004 ஜூன் 8 அன்று வெள்ளி மறுபடி கடந்தபோது என் மாணவர்களோடு நானும் பார்த்தேன். பைனாகுலர் வழியாக வெள்ளை அட்டையில் விழவைத்த சூரியனில் ஒரு கறுப்புப் பொட்டு. அது மறைத்தது சூரிய வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ‘இவ்வளவுதானா சார்?’ என்றான் ஒரு பையன். இவ்வளவுதான்!

வெளிச்சம் குறைந்ததும் கோள் என்று தம்பட்டம் அடித்துவிட முடியாது. இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று உரசினாற்போல் மறைத்தாலும் அதே மாதிரி குறையும். பின்னால் வெகுதூரத்தில் இருக்கும் ஒரு ஜோடியின் வெளிச்சம் முன்னால் இருப்பதோடு கலந்துவிட்டாலும் அப்படியே. எனவே சந்தேகப் பட்டியல் சிலி நாட்டு லா சில்லாவுக்குப் போகும். அங்கே சுவிஸ்காரர்களின் 1.2 மீட்டர் தொலைநோக்கியில் நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்து, அது முன்னும் பின்னும் ஆடுகிறதா என்று பார்ப்பார்கள். சுற்றும் கோள் தன் நட்சத்திரத்தையும் இழுக்கும். எவ்வளவு ஆடுகிறதோ அதிலிருந்து கோளின் எடை தெரியும். 1995இல் மிஷேல் மேயரும் டிடியே கேலோவும் 51 பெகாசி என்ற நட்சத்திரத்தின் கோளைக் கண்டதும், 2019இல் நோபல் வாங்கியதும் இந்த ஆட்டத்தை அளந்துதான். சதர்லாந்துப் பட்டியலில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் அடிபட்டுப் போய்விடும். எனக்கு இந்த ஆராய்ச்சியில் மரியாதை வருவதே அதனால்தான். பத்திரிகையில் ‘இன்னொரு பூமி’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்களுக்கு இந்தப் பொறுமையில் கால்வாசி வந்தால் தேவலை.

தேறியவற்றில் இரண்டைச் சொல்கிறேன். பஞ்சாங்கத்தில் சனி வக்கிரம், செவ்வாய் வக்கிரம் என்று படிப்போம். அது பூமியிலிருந்து பார்ப்பதால் வரும் தோற்றம். சனி பின்னோக்கிப் போவதே இல்லை. விருச்சிகத்தில் இருக்கும் வாஸ்ப்-17பி அப்படியல்ல, நிஜமாகவே வக்கிரம். அதன் நட்சத்திரம் ஒரு திசையில் சுழல, இது எதிர்த்திசையில் சுற்றுகிறது. 2009இல் இது தெரியவந்தபோது, கோள்கள் ஒழுங்காகப் பிறந்து ஒழுங்காகவே ஓடும் என்ற நம்பிக்கை நன்றாக ஆட்டம் கண்டது. எடை வியாழனில் பாதி, அகலமோ கிட்டத்தட்ட இரு மடங்கு. 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதன் மேகங்களில் குவார்ட்ஸ் படிகத் துகள்களைக் கண்டது.

இன்னொன்று பீனிக்ஸில். இனாண்டா பக்கத்து நம் பீனிக்ஸ் இல்லை ஐயா, அதே பெயரில் தென்வானத்தில் ஒரு நட்சத்திரக் கூட்டம். அங்கே வாஸ்ப்-18பி. வியாழனைப்போல் பத்து மடங்கு எடை. அதற்கு ஒரு வருஷம் என்பது 23 மணி நேரம்கூட இல்லை. இவ்வளவு பாரமானது இவ்வளவு அருகில் சுற்றினால், நிலவு கடலில் செய்வதுபோல் நட்சத்திரத்தில் ஓதம் எழுப்பி, தன் ஆற்றலை இழந்து, சுற்றுப்பாதை சுருங்கிச் சுருங்கி உள்ளே விழவேண்டும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. வாஸ்ப்-12பி என்ற வடவானக் கோளில் இது நடப்பதை அளந்தே விட்டார்கள்: அதன் சுற்றுக்காலம் ஆண்டுக்குச் சுமார் 29 மில்லிசெகண்ட் குறைகிறது. பீனிக்ஸ்காரனோ அதைவிடப் பாரம், அதைவிட வேகம். பத்தாண்டுக்கு மேல் நேரம் குறித்துப் பார்த்தும் அவன் பாதை சுருங்குவதாகத் தெரியவில்லை. அந்த நட்சத்திரத்தின் உட்புறம் ஓதத்துக்கு அவ்வளவாக இசைவதில்லை போலும் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.